அளக்காமல் சொன்ன ‘சரி’

மேடையில் இருக்கும் மருத்துவமனை முதல்வர் அவர்களே, அறுவைக்கூடத்துச் செவிலியர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும், மறைந்த நம் அக்காவின் கணவரே, மகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மாதிரிக்கூடத்தின் தலைவியை, நாம் எல்லோரும் ‘அரைமில்லி அக்கா’ என்று கூப்பிட்ட அம்மையாரை இழந்து நிற்கிறோம். ஸ்கேன் படங்களைக் கணினியில் அடுக்கி, நோயாளியின் தாடையையும் மண்டையையும் பிளாஸ்டிக்கில் அச்சிட்டுக் கொடுத்தாரே, அந்தக் கை இனி ஏது? அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அவருக்குச் சோறு இறங்காது!

ஒருமுறை நம் முதல்வரே கேட்டார்: “மாதிரி அழகா வந்திருக்கேம்மா, அப்புறம் என்ன கவலை?” அக்கா சொன்னார்: “அழகா இருந்து என்ன சார், கல்யாணமா பண்ணி வைக்கப் போறோம்? உள்ள இருக்கிற எலும்போட ஒத்துப்போகணுமே!”

அந்த எலும்பைப் பார்ப்பது யார்? அவரா? படமும் மாதிரியும் ஒத்துப்போவதை மட்டுமே அவர் பார்க்க முடியும். உடலைத் திறந்து பார்ப்பவன் நான். அதனால் என் கருவித் தட்டில் எலும்பை அளக்க ஒரு காலிப்பரையும் சுத்தம் செய்து வைக்கச் சொல்லியிருந்தார். ஒவ்வோர் அறுவை முடிந்ததும் வந்து கேட்பார்: “அளந்தீங்களா டாக்டர்? எவ்வளவு வித்தியாசம்?”

நண்பர்களே, இதைச் சொல்லத்தான் இன்று பேச வந்தேன். நான் அளக்கவே இல்லை! களைப்பு, அவசரம், அலட்சியம், எந்தப் பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். அவருடைய மாதிரியின் மேல் வைத்து முன்பே வளைத்த உலோகத் தகடு எலும்பில் சரியாக உட்காராவிட்டால் அங்கேயே கொஞ்சம் வளைத்துச் சமாளிப்பேன். வெளியே வந்து, “கச்சிதம்மா, இம்மி பிசகல” என்பேன். அவர் முகம் மலரும். குறிப்பேட்டில் ‘சரி’ என்று எழுதிக்கொள்வார். பதினேழு முறை எழுதினார். பதினேழும் என் பொய்.

பதினெட்டாவது, ஒரு பேருந்து ஓட்டுநரின் தாடை. இந்த முறை தடித்த தகடு, வளைக்க முடியவில்லை. இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. அந்த மனிதருக்குப் பல்லோடு பல் சேரவில்லை, மறுபடியும் அறுவை. அக்கா இறந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது, புதிய ஸ்கேன் கருவி வந்த நாள் முதலே படத்தில் எலும்பின் விளிம்பு தடித்து விழுந்திருக்கிறது என்று. கணினியில் ஓர் எண்ணை மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும். முதல் எலும்பையே நான் அளந்திருந்தால் அந்த வாரமே கண்டுபிடித்திருப்பாரே! விடுகிற ஆளா அவர்?

விசாரணைக் கூட்டத்தில் அக்கா எழுந்து, “என் மாதிரிதான் தப்பு. பொறுப்பு என்னோடது” என்றார். நான் என்ன செய்தேன்? மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துக்கம் கேட்க வீட்டுக்குப் போனபோது அவர் கணவர் என்னைத் தனியே அழைத்தார். “கடைசி வரைக்கும் ஒண்ணையேதான் கேட்டுட்டிருந்தா டாக்டர். பதினேழு சரியா வந்துச்சே, பதினெட்டாவதுல எங்க கோட்டை விட்டேன்னு. உங்களுக்குத் தெரியுமா?” தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாளை முதல், அளந்த எண்ணை ஏட்டில் எழுதாமல் இங்கே எந்த மருத்துவரும் காயத்தைத் தைத்து மூடப்போவதில்லை. முதல்வர் இசைந்திருக்கிறார். நமக்குச் சங்கடமான எண்ணாக இருந்தாலும் அதுவே எழுதப்படும். அவர் விட்டுச்சென்ற வேலை இதுதான். இந்த அவையின் முன் உறுதி சொல்கிறேன்.

ஐயா, அன்று நீங்கள் கேட்டதற்கு இப்போது எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்கிறேன். அவர் எங்கேயும் கோட்டை விடவில்லை. அவர் கேட்டார். நான் பொய் சொன்னேன்.