இரண்டு வழியுள்ள கடை

கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறிய இருவரில் பெரியவருக்குத் தாராவியில் தோல்பைக் கடை. கடைக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தவர், கூட வந்த மச்சினன்.

"மாப்ள, நீ போட்ட கடைக்குள்ள ஒருத்தராலயும் நொழைய முடியலயாம்."

"ரெண்டு வழி வச்சிருக்கேன் அத்தான். சாதா வழியில வந்தா, பூட்டுப் படம் போட்ட பத்திரமான வழிக்கு சர்வரே அனுப்பிரும்."

"பூட்டு வழியில வந்தா?"

மச்சினன் போனைத் தடவித் தடவிப் பார்த்தார். தாராவிப் பக்கத்து ஜன்னல் வழியே வந்த வெயில் அவர் முகத்திலேயே அடித்தது.

"அது... சாதா வழிக்கு அனுப்புது அத்தான்."

"அப்பம் வாரவன் காலம்பூரா நடந்துக்கிட்டே இருக்கணும், என்ன?"

அத்தானின் போன் அடித்தது. டோம்பிவிலியிலிருந்து ஒரு வாடிக்கையாளர். அத்தான் எடுத்துச் சொன்னார்:

"அண்ணாச்சி, வெப்சைட்ட விடுங்க, நேர்ல வாங்க. கடைக்கு ஒரே வாசல்தான். அதுல எங்க மாப்ள இன்னும் கை வைக்கல."