செங்கல் முற்றத்துப் பாசி

தேக்காச் சந்தைக்குப் போகும் டிராமில் எனக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் ஒரு துரை பங்களாவில் தோட்டக்காரர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“நேத்து துரையம்மா என்கூட உக்காந்து பாசி தேச்சாங்கண்ணே,” என்றார் அவர்.

“துரையம்மாவா? எதுக்கு?”

“பின்பக்க முற்றத்துல செங்கல் பாவியிருக்கு. மழையில பாசி புடிச்சிருச்சு. தேய்க்கட்டுமான்னு துரையம்மாகிட்ட கேட்டேன். விருந்துக்கு ஆளுங்க வர்றாங்க, முதல்ல முன்பக்கத்துப் பூச்செடியைப் பாருன்னுட்டாங்க. பின்முற்றத்துல துணி காயப்போடப் போன என் பொஞ்சாதி வழுக்கி விழுந்துட்டா. அவளுக்கு ஏழு மாசம்.”

பெரியவர் அவர் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டார்.

“விழுந்ததுலேருந்து ரெண்டு நாள் வயித்துல அசைவே இல்ல. மருத்துவச்சி பொறுத்துப் பாக்கச் சொல்லிட்டா. எனக்கு வீட்ல இருக்க முடியல. தேங்காமட்டையும் மணலும் எடுத்துக்கிட்டுப் போய்த் தேச்சேன். துரையம்மா வந்தாங்க. இன்னொரு மட்டையை எடுத்துக்கிட்டுப் பக்கத்துல மண்டி போட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் தேச்சோம்.”

“நீ என்னப்பா சொன்னே?”

“அந்த மூலையில இன்னும் வழுக்குதுன்னு சொன்னேன்.”

டிராம் நின்றது. இறங்குவதற்காக எழுந்த பெரியவர் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

“புள்ள?”

“இன்னைக்குக் காலையில உதைச்சுச்சுண்ணே,” என்று சொல்லிவிட்டு இளையவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பெரியவர் மறுபடியும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.