தியாவோன் கேட்க வந்தது

— ரோத்தியா, கரையோரமா வர்றது யாருன்னு பாரு. எனக்கு வெயில்ல கண்ணு கூசுது.

— இதுக்குக் கண்ணு எதுக்குங்க? அந்த நடை போதுமே. உங்க மாமன் மகன் தியாவோன் அண்ணன்தான்.

— செத்தோம். கப்பல்ல சாமான் வந்து நாலு நாள்கூட ஆகலை, அதுக்குள்ள மோப்பம் பிடிச்சுட்டான்.

— நம்ம தீவு அகலத்துக்கு நாலு நாள் ஜாஸ்தி. கடல் பக்கம் தும்மினா காயல் பக்கம் மூக்கைத் துடைக்கிறாங்க.

— பேசிட்டே நிக்காதே. கொடியில காயற புதுக் கொசுவலையை உள்ளே இழு. தாழம்பாயைச் சுருட்டு. அந்தக் கோழியைத் துரத்திவிடு, அதுவேற இன்னைக்குன்னு பார்த்து மினுமினுன்னு இருக்கு.

— என்னையும் சுருட்டி உள்ளே வெச்சிடுங்களேன்.

— சிரிக்காதே சொல்லிட்டேன். அவன் வாயைத் திறந்து 'புபுட்டி'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எடுத்துக் குடுத்தே ஆகணும். சொந்தக்காரன் கேட்டு இல்லைன்னு சொன்னவன் ஊர் மண்டபத்துல எந்த மூஞ்சியோட போய் உக்கார்றது? ரேடியோ போச்சு. சைக்கிள் போச்சு. சினைப் பன்னியை ஓட்டிட்டுப் போனானே, குட்டி போட்டதும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினானா?

— பரம்பரைப் பழக்கம்ங்க. ஜப்பான்காரன் சண்டையில விட்டுட்டுப் போன இரும்புத் தொப்பியை உங்க தாத்தாகிட்ட கேட்டு வாங்கிட்டுப் போனது அவர் தாத்தாதானே.

— அதுல நாங்க சோறு வடிச்சிட்டிருந்தோம்டி.

— சரி, மத்ததை விடுங்க. கப்பல்ல வந்த படகு மோட்டாரைக் கேட்டா என்ன பண்ணுவீங்க? படகுலயும் காணோம், வீட்டுலயும் காணோம். சேம்புக் குழியில புதைச்சு வெச்சிருக்கீங்களா?

— அங்கதான் உன் புருஷன் மூளை இருக்கு. சனிக்கிழமையே உன் தம்பி உரியம்கிட்ட குடுத்துட்டேன். யார் கேட்டாலும் "இது என்னோட மோட்டார், கைதாரா மாமாவோடது இல்லை"ன்னு சொல்லுன்னு பைபிள் மேல சத்தியம் வாங்கிட்டேன். இப்ப எவன் வந்து என்ன கேட்டாலும் நான் மோட்டார் இல்லாத ஏழை.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

— உன்கிட்ட சொன்னா உன் அக்காவுக்குத் தெரியும். உன் அக்காவுக்குத் தெரிஞ்சா வானொலி எதுக்கு? இந்தா பாரு ரோத்தியா, மத்த எதை வேணும்னாலும் குடுத்துடுவேன். மோட்டாரை மட்டும் குடுக்க முடியாது. மூணு வருஷம் எவனெவனோ கப்பல்ல துரு சுரண்டி நம்ம பிள்ளை மரேவா வாங்கி அனுப்பினது. வியாழக்கிழமை தாராவா துறைமுகத்துல வந்து இறங்கறான். "அப்பா, நீங்களே மோட்டார் போட்டு வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க"ன்னு எழுதியிருக்கான்.

— தெரியும். அந்தக் கடுதாசியைப் படிச்சுக் காட்டினதே நான்தானே.

— போன தடவை பாய் கட்டிப் போனேன். நடுக்கடல்ல காத்து செத்துப்போச்சு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவன் லீவுல ரெண்டு நாள் துறைமுகத்துப் பலகையிலயே கழிஞ்சது. என்னைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம சிரிச்சான் பாரு, அந்தச் சிரிப்பு இன்னும் என்னை அறுக்குது.

— சரி, சரி. கண்ணைத் துடைங்க. வந்துட்டார். வாங்க அண்ணே, உள்ளே வாங்க.

— அட அட, தங்கச்சி. எப்ப வந்தாலும் இதே சிரிப்பு. என்ன மச்சான், தரையில உக்காந்திருக்கீங்க? பாய் ஒண்ணும் இல்லையா?

— பாயா? ஏது மச்சான் பாய். எல்லாம் கிழிஞ்சுபோச்சு. இப்படி மணல்ல உக்காருங்க, குளுகுளுன்னு இருக்கும்.

— அட அட, நான் ஒண்ணும் கேக்க வரலை. சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு.

— அண்ணே, தென்னம்பாகு கரைச்சுத் தரட்டுமா?

— குடு தங்கச்சி, குடு. ஆஹா, உன் கைப்பாகு மாதிரி இந்தத் தீவுக்கூட்டத்துலயே கிடையாது.

— குடுவையில கொஞ்சம்தான் இருக்கு மச்சான். அடி மண்டி.

— நான் கேக்கலையே மச்சான். இந்த வருஷம் தேங்காய் எப்படி?

— எலி தின்னுது.

— மீன்?

— வலையில ஓட்டை.

— கோழி?

— கோழின்னு ஒண்ணு இருந்துச்சு. எங்கேயோ போயிடுச்சு.

— இப்பதான் வழியில பார்த்தேன். தங்கச்சி துரத்திட்டிருந்த மாதிரி இருந்தது.

— அது பக்கத்து வீட்டுதுங்கண்ணே. அடிக்கடி வரும்.

— அட அட. ஊர்ல என்னமோ மோட்டார் மோட்டார்னு பேசிக்கறாங்க.

— வாங்க, விஷயத்துக்கு வாங்க. எதுக்கு மச்சான் சுத்தி வளைக்கணும்? நமக்குள்ள என்ன கூச்சம்? உங்களுக்கு என்ன வேணுமோ வாயைத் திறந்து கேளுங்க. கைதாரா சொந்தக்காரனுக்கு இல்லைன்னு சொன்னான்னு ஒரு பய பேசக்கூடாது.

— நீங்க இப்படிச் சொன்னதுல எனக்குக் கண்ணே கலங்குது. அப்படின்னா கேக்கறேன். புபுட்டி மச்சான், எனக்குப் பெட்ரோல் குடுங்க.

— எது?

— பெட்ரோல். கப்பல்ல உங்களுக்கு ரெண்டு கேன் இறங்குச்சாமே. ரெண்டும் வேணும்.

— பெட்ரோலை வெச்சு என்ன பண்ணப்போறீங்க? உங்ககிட்ட இருக்கிறது துடுப்பு.

— அது போன வாரம். இப்ப மோட்டார் வந்துருச்சே. சனிக்கிழமை சாயங்காலமே உரியம்கிட்ட அவன் மச்சினன் கேட்டிருக்கான். உரியம் பாவம், "இது என்னோடது, என்னோடது"ன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கான். அவனோடதுன்னா குடுத்துத்தானே ஆகணும்? குடுத்துட்டான். மச்சினன்கிட்ட அவன் சித்தப்பா கேட்டார். சித்தப்பாகிட்ட நேத்து நான் கேட்டேன். படகுல மாட்டிப் பார்த்தாச்சு, அழகா உக்காந்திருக்கு. வியாழக்கிழமை எங்க சபைக் கூட்டத்துக்குப் பன்னி ஏத்திட்டுப் போறோம்.

— வியாழக்கிழமையா.

— என்ன மச்சான், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? அது உங்களோடது ஒண்ணும் இல்லையே?

— இல்லை. இல்லை மச்சான். என்னோடது எப்படி ஆகும்.

— அதானே, உரியம் பைபிள் மேல சத்தியம் பண்ணானாமே. இதுல பொய் இருந்தா சபையில விட மாட்டாங்க, சத்தியம் பண்ணவனையும் சரி, பண்ண வெச்சவனையும் சரி.

— ரோத்தியா, கேனை எடுத்துட்டு வா.

— ரெண்டையுமாங்க?

— ரெண்டையும்தான். கேட்டுட்டாரே. நான் பாய் கட்டறேன். இன்னைக்கே கிளம்பினா காத்து இருந்தா புதன்கிழமை போய்ச் சேர்ந்துடலாம். எம்பிள்ளை மறுபடியும் அந்தப் பலகையில உக்காரக் கூடாது.

— கொஞ்சம் இருங்க. தியாவோன் அண்ணே, நான் உங்களுக்குச் சொந்தம்தானே?

— அட அட, என்ன கேள்வி இது? கூடப்பிறந்தவ மாதிரி நீ.

— இத்தனை வருஷத்துல நான் உங்ககிட்ட ஏதாவது கேட்டிருக்கேனா?

— ஒரு துரும்பு கேட்டதில்லை தங்கச்சி. உன்னைப் பத்தி என் பொண்டாட்டிகிட்ட பெருமையாச் சொல்வேன்.

— அப்ப கேக்கறேன். புபுட்டி அண்ணே, எனக்கு அந்த மோட்டாரைக் குடுங்க.

— தங்கச்சி.

— குடுங்க.

— பன்னிக்கெல்லாம் சொல்லியாச்சு தங்கச்சி.

— பன்னி துடுப்புப் படகுலயும் போகும். இல்லைன்னு சொல்றீங்களா அண்ணே? சொல்லுங்க, மண்டபத்துல கேட்டா நான் என்ன சொல்லட்டும்?

— மாட்டேன்னு சொல்ல முடியுமா? எடுத்துக்கோ. பெட்ரோலும் இங்கயே இருக்கட்டும், தனியா அதைக் குடிக்கவா போறேன். நான் வர்றேன் மச்சான். பாகு நல்லா இருந்தது.

— ரோத்தியா, ரோத்தியா. நீ பொம்பளையே இல்லை, அமைச்சர். போ, போய் அந்த மோட்டாரை வாங்கி நம்ம படகுல மாட்டச் சொல்லு. புதன்கிழமையே நான் கிளம்பறேன்.

— நீங்க எங்க கிளம்பறீங்க? மோட்டார் என்னோடது. நான் போறேன்.

— உனக்கு ஓட்டத் தெரியுமா?

— உரியம் ஓட்டுவான். அவனுக்குத்தான் அதை எப்படிப் பார்த்துக்கணும்னு இப்ப நல்லாத் தெரிஞ்சிருக்கும். எம்பிள்ளை இறங்கி வர்றப்ப முதல்ல என் மூஞ்சியைப் பார்க்கட்டும். மூணு தடவையும் நீங்கதான் போனீங்க, நான் இங்க மீன் சுட்டுட்டு உக்காந்திருந்தேன்.

— அப்ப நானும் கேக்கறேன். புபுட்டி ரோத்தியா, அந்த மோட்டாரை எனக்குக் குடு.

— புபுட்டி சொந்தக்காரங்களுக்குத்தாங்க. புருஷனுக்குத் தாராளமா இல்லைன்னு சொல்லலாம்.