எதிர்முறுக்கு

ஆட்டாதடா தலைய. கொக்கி ஊசி கைல இருக்கு. காதுல மாட்டிச்சுன்னா அப்புறம் அக்காவக் குத்தம் சொல்லாத.

நேத்து தலைக்குக் குளிச்சியே, காயவெச்சியா? பொய் சொல்லாத, மோந்து பாத்தாலே தெரியுது. மேல காஞ்சிருக்கு, உள்ள ஈரம். சாமியார் மாதிரி திரிச்சுத் தொங்கவிட்ட சடைன்னா துண்டு மாதிரிடா, தண்ணியக் குடிச்சு உள்ளயே வெச்சுக்கும். நல்லாப் பிழிஞ்சு, ஃபேனுக்கு அடியில அரை நாள் உக்காரணும். ஈரத்தோட தொப்பிய மாட்டிக்கிட்டு வேன் ஓட்டப் போனா, தரை தொடைக்கிற மாப்பு வாடை வராம சென்ட் வாடையா வரும்?

என்ன, ஏதோ சொல்ல வந்தியே? ஒண்ணுமில்லையா? ஒரு மாசமா இந்த ஒண்ணுமில்லையத்தான் மென்னு முழுங்கிட்டிருக்க. சரி, முழுங்கு. தலைய மட்டும் நேரா வெச்சுக்க.

மொத்தம் நாப்பத்திரெண்டு சடை. ஒவ்வொண்ணா வேர்ல பிரிச்சு, கத்தாழ ஜெல் தடவி, முறுக்கி, கிளிப் போடணும். ஆறு வருஷமா மாசம் ஒரு ஞாயித்துக்கிழம உன் தோளுக்கு முட்டுக் குடுத்துக் குடுத்தே என் முட்டி தேஞ்சுபோச்சு. ஆபீஸ் வேலையா இருந்தா இந்நேரம் மேனேஜர் ஆக்கியிருப்பாங்க.

இரு. இரு இரு. இது என்னடா?

வலது காதுக்குப் பின்னாடி... ஒண்ணு, ரெண்டு... எட்டு சடை. இது என் முறுக்கு இல்லையே. நான் இடது கைக்காரி, என் முறுக்கு எப்பவும் இடப்பக்கமாத்தான் போகும். இது வலப்பக்கமா போயிருக்கு. மாத்தி மாத்தி முறுக்கினா வேர் இளகிடும்னு தெரியாதா? அப்புறம் பழையபடி பரட்டையா நிப்ப.

நீயே முறுக்கிக்கிட்டியா? ஓஹோ. சட்டைப் பட்டன் தெச்சுக்கத் தெரியாது, பின்மண்டைல இவ்ளோ நேரா வகிடெடுத்துச் சடை முறுக்குறியா? முதுகுல கண்ணு எப்ப மொளச்சுது?

ஃப்ரெண்டா? எந்த ஃப்ரெண்டு? அந்த டயர் கடைக்காரனா? அவன் விரல் தடிமனுக்கு எட்டு சடையும் ஒரே பிடியில அடங்கிடும். இந்தா, ஊதாக் கலர்ல ஒரு கிளிப்பு மாட்டியிருக்கு. டயர் வாங்கினா இதையும் சேத்துக் குடுக்கறாங்களா?

காது ஏன் செவக்குது? நான் காதத் தொடவே இல்லையே.

சரி, நீ பேசாத, நானே பேசறேன். நீ ஏன் வாயத் தொறக்க மாட்டேங்கறன்னு எனக்குத் தெரியும். நீ கல்யாணம் பண்ணித் தனியாப் போயிட்டா அக்கா இந்த ரெண்டு ரூமுல சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான்னு நெனப்பு. அம்மா அப்பா போனப்ப உனக்குப் பதினாறு, அக்காதான் வளத்தா, அதுலயே அவ கல்யாணம் காட்சி எல்லாம் போச்சுன்னு உன் மண்டைக்குள்ள ஒரு பெரிய சினிமாவே ஓடுது. எனக்கு ஆயிரம் வேல இருக்குடா. நாளைக்குத் தையக் கடையில இருபது பேன்ட்டு நீளம் கொறைக்கணும். நீ இல்லாட்டி பாத்ரூம் ஓட்டைல முடி அடைக்காது, அவ்ளோதான்.

இல்ல, அவ்ளோதான் இல்ல. கஷ்டமாத்தான் இருக்கும். ஞாயித்துக்கிழம வந்தா ரொம்பக் கஷ்டமா இருக்கும். அதுக்காக என்கிட்டயே ஒளிப்பியா? நீ போறது வலிக்கலடா, ஒளிச்சதுதான் வலிச்சுது.

திரும்பாத. முன்னாடி பாரு. மூக்க உறிஞ்சினாலும் தலை ஆடுது.

எனக்கு எப்படித் தெரியுமா? ரெண்டு வாரம் முன்னாடி கடைக்கு ஒரு பொண்ணு வந்துச்சு. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு. தைக்கறதுக்குத் துணி ஒண்ணும் கொண்டு வரல. பத்து நிமிஷம் நூல்கண்டத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு, அக்கா, அவருக்குச் சடை முறுக்க எனக்குக் கத்துத் தரீங்களான்னு கேட்டுச்சு. அவராம்! யாரோ பெரிய மனுஷன்னு நெனச்சு நான் எந்திரிச்சே நின்னுட்டேன். அப்புறம் பாத்தா, நீ.

கம்பளி நூலக் கத்தையாக் கட்டி, மேசைக்கு அந்தப் பக்கம் அந்தப் பொண்ண உக்கார வெச்சு, இந்தப் பக்கம் நான் உக்காந்து, ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தேன். நல்ல கைடா அதுக்கு. தப்பு என்னோடது. எதிர்ல உக்காந்து பாத்ததுல, கண்ணாடியில பாத்த மாதிரி எல்லாத்தையும் திருப்பிக் கத்துக்கிச்சு. அதான் எட்டும் வலப்பக்கமா போயிருக்கு.

அடுத்த ஞாயித்துக்கிழம வீட்டுக்குக் கூட்டிட்டு வா. இந்தத் தடவ எதிர்ல வேணாம், என் பக்கத்துலயே உக்காரட்டும்.