நூற்றுப் பதினோராவதாக எழுந்தவர்

பள்ளிக்கூடத்தை நடத்திய அதே கண்டிப்போடு இந்த மேடையையும் நடத்திக்கொண்டிருக்கும், தலைமை தாங்கும் அம்மையார், முன்னாள் தலைமையாசிரியை மௌரீன் அவர்களே. முட்டிவலியை வீட்டில் விட்டுவிட்டு ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து முன்வரிசைக்கு வந்திருக்கும் மூத்தோர்களே. பீன்யாவில் முதல் ஷிப்டை முடித்து, முகம் கழுவிய ஈரம் காயுமுன் பஸ் பிடித்து வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே. அடுப்பை அணைத்துவிட்டு, அடுப்பின் நினைவை அணைக்க முடியாமல் அமர்ந்திருக்கும் விவேக் நகர்த் தாய்மார்களே. உங்கள் அனைவரையும் தலைதாழ்த்தி வணங்கித் தொடங்குகிறேன்.

‘தாண்டுவார்களா, தங்குவார்களா?’ இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. தேர்தல் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. சட்டசபை பாதிக்குப் பாதியாய்ப் பிளந்து நிற்கிறது. சபை மட்டுமா பிளந்தது? சந்து பிளந்தது. சம்பந்தி வீடு பிளந்தது. ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் இரண்டு குடும்பங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஏறி இறங்குகின்றன. டீக்கடையில் கேட்கிறார்கள், ஆட்டோவில் கேட்கிறார்கள், ஆலய வாசலிலும் கேட்கிறார்கள்: எத்தனை பேர் கட்சி மாறுவார்கள்? எந்த விடுதியில் எந்த உறுப்பினர் எத்தனை இட்லி சாப்பிட்டார் என்பதுவரை தொலைக்காட்சி சொல்லிவிடுகிறது. எந்த வாக்குறுதியை விழுங்கினார் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை.

எனக்கு ஜோசியம் தெரியாது. தியோடர் என்கிற இந்த ஆள், முப்பத்தோரு ஆண்டுகள் சபையில் சுருக்கெழுத்து எழுதியவன். சபாநாயகர் நாற்காலிக்குக் கீழே ஒரு மேசை. உறுப்பினர்கள் பேசுவார்கள், நான் எழுதுவேன். அழுதால் எழுதுவேன், அலறினால் எழுதுவேன், அவமானப்படுத்தினாலும் அதையும் எழுதுவேன். எழுதுகிறவனுக்குக் கட்சி கிடையாது, கருத்து கிடையாது, கைதட்டும் உரிமையும் கிடையாது. ஆகவே இன்று யாரையும் ஏற்றிப் பேசவோ இறக்கிப் பேசவோ நான் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணிக்கு என்ன நேர்ந்தது, அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு நண்பர், “எந்தக் கட்சி சார்?” என்கிறார். நண்பரே, கட்சியின் பெயரைச் சொன்னால் இந்த அரங்கில் பாதிப் பேர் கதைக்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுவீர்கள். பெயர் வேண்டாம். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி. அது போதும்.

அவர் பெயர் லட்சுமம்மா. பீன்யாவில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினேழு ஆண்டு தையல் மிஷினில் உட்கார்ந்தவர். தாய்மொழி தமிழ், கன்னடம் அவருக்கு அதைவிடச் சரளம். தொழிற்சங்கத்தில் வளர்ந்தவரை ஒரு கட்சி அழைத்து, நகரின் ஓரத்துத் தொகுதி ஒன்றில் நிறுத்தியது.

அந்தத் தொகுதியில் ஓர் ஏரி. ஏரிக்கரையில் நூற்று நாற்பது வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் புதிய அடுக்குமாடிகள். அடுக்குமாடிக்காரர்களுக்குச் சாலை வேண்டும்; ஏரிக்கரைக்காரர்களுக்குக் கூரை வேண்டும். சாலை வர வேண்டுமென்றால் வீடு போக வேண்டும். இதைத் தவிர அந்தத் தேர்தலில் வேறு பேச்சே இல்லை. சாலைக்காரர் கடையில் கரைக்காரர் பால் வாங்கவில்லை. கரைக்காரப் பெண்களை அடுக்குமாடியில் வேலைக்கு வைக்கவில்லை. கட்சி என்ன செய்தது? இந்தத் தெருவில் சாலை என்றது, அந்தத் தெருவில் வீடு என்றது. லட்சுமம்மா மட்டும் இரண்டு தெருவிலும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: “முதல்ல இவங்களுக்கு வேற வீடு, அப்புறம் உங்களுக்கு ரோடு.” முந்நூற்றுப் பதினெட்டு ஓட்டில் ஜெயித்தார்.

அவரை நிறுத்திய கட்சியே ஆட்சி அமைத்தது. ஆளுங்கட்சிக்கு மிகக் குறுகிய பெரும்பான்மை. ஆறாவது மாதம், சாலை விரிவாக்க மசோதா வந்தது. பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு எந்தக் குடியிருப்பையும் அகற்றலாம் என்றது அது. மாற்று வீடு பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

ஊரெல்லாம் ஒரே கேள்வி. லட்சுமம்மா தாண்டுவாரா?

இனி நான் சொல்லப்போவது அவரே பின்னாளில் என்னிடம் சொன்னது. ஆளுங்கட்சிக் கொறடா கோவிந்தப்பா, வயதில் பெரியவர், நல்ல மனிதர், அவரைத் தனியாக அழைத்தார். கன்னடத்தில் பேசினார், நான் தமிழில் சொல்கிறேன்.

“லட்சுமம்மா, நீ ஏழைங்க ஓட்டுல மட்டும் வரல. சின்னத்துக்கு விழுந்த ஓட்டுலயும் வந்திருக்க. கொறடா உத்தரவை மீறினா பதவி போயிடும், தெரியும்ல?”

“தெரியும் அண்ணா.”

“பதவி போனா அந்த நூத்து நாப்பது வீட்டுக்கு உன்னால என்ன செய்ய முடியும்? உள்ள இருந்துக்கிட்டே கேளு. நான் கூட நிக்கிறேன்.”

தவறான பேச்சா இது? நான் சொல்லமாட்டேன். உள்ளே இருந்து சாதித்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் எதிர்க்கட்சியிலிருந்து ஒருவர் வந்தார். “எங்க பக்கம் வந்துடுங்க மேடம். உங்க பின்னால இன்னும் ரெண்டு பேர் வருவாங்க. ஆட்சி கவுந்துடும். நகர வளர்ச்சி இலாகா உங்களுக்குத்தான். நூத்து நாப்பது என்ன, ஆயிரம் வீடு நீங்களே கட்டிக் கொடுங்க.”

லட்சுமம்மா கேட்டாராம்: “தேர்தல்ல நீங்க வெறும் ரோடுதானே போடறேன்னு சொன்னீங்க? இப்போ வீடுன்னு சொல்றீங்களே, இது எப்போதிலிருந்து?”

வந்தவர் சிரித்துவிட்டு, “அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்றாராம்.

பாருங்கள் இந்த நிலைமையை. தங்கினால், தாம் கொடுத்த வாக்கைத் தின்றவர். தாண்டினால், பதவிக்கு விலைபோனவர். இந்தப் பக்கம் பழி, அந்தப் பக்கம் பழி. எந்தப் பக்கம் போவது?

வாக்கெடுப்பு நாள். நான் மேசையில் இருந்தேன். விளக்கம் கேட்க லட்சுமம்மாவுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தது. எழுந்து, மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சரை நேராகப் பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார். மாற்று வீடு கொடுத்த பிறகுதான் இடிப்பீர்களா?

அமைச்சருக்கு ஓட்டுக் கணக்கு தெரியும். எழுந்து சொன்னார்: “மொதலு மனெ, ஆமேலெ ரஸ்தெ.” முதலில் வீடு, அப்புறம் சாலை. நான் எழுதிக்கொண்டேன்.

“அதையே மசோதாவில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்” என்றார் லட்சுமம்மா.

“என் வாக்கு போதும். எழுத்து எதற்கு?”

“எழுத்து இல்லையென்றால் என்னால் ஆதரிக்க முடியாது” என்று சொல்லி உட்கார்ந்தார்.

சபாநாயகர் தலைகளை எண்ணச் சொன்னார். எங்கள் சபையில் வரிசை வரிசையாக எழுந்து நிற்பார்கள். அதிகாரி எண்ணிக்கொண்டே போவார். ‘ஆம்’ என்பவர்கள் எழுந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு. லட்சுமம்மா உட்கார்ந்தே இருந்தார். ‘இல்லை’ என்பவர்கள் எழுந்தார்கள். அதிகாரி எதிர்வரிசைகளை எண்ணி, நூற்றுப் பத்து என்று முடித்துத் திரும்பினார். திரும்பியவர் நின்றுவிட்டார். ஆளுங்கட்சியின் கடைசி வரிசையில், தன் இருக்கையில், ஒரு பெண்மணி தனியாக எழுந்து நின்றுகொண்டிருந்தார். அதிகாரி மறுபடி நடந்து போய், நூற்றுப் பதினொன்று என்று எண்ணினார்.

எதிர்க்கட்சி மேசையைத் தட்டியது. “வாங்க, இந்தப் பக்கம் வாங்க” என்று கையை அசைத்துக் கூப்பிட்டது. லட்சுமம்மா தலையை மட்டும் அசைத்துவிட்டு, தன் இடத்திலேயே உட்கார்ந்தார். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியது.

தாய்மார்கள் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கிறது. அம்மா, கதை இன்னும் முடியவில்லை. இனிமேல்தான் நான் வருகிறேன்.

அன்று மாலை நான்கு மணிக்கு, சுருக்கெழுத்தை விரித்து எழுதிக்கொண்டிருந்தேன். அமைச்சரின் உதவியாளர் வெங்கி வந்தார். பழகியவர், என் பெண் கல்யாணத்துக்கு நாள் குறித்ததை விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“தியோடர் சார், மந்திரி ஒரு வார்த்தையை வேகத்துல விட்டுட்டாரு. ‘மொதலு மனெ’ங்கிறதுக்கு முன்னால ‘சாத்யவாதரெ’ன்னு ஒண்ணு சேத்துக்குங்க. அஷ்டே, அவ்வளவுதான்.”

சாத்யவாதரெ. முடிந்தால். முடிந்தால் முதலில் வீடு.

“அவர் சொல்லலையே வெங்கி.”

“மனசுல நினைச்சாரு சார்.”

“மனசுல நினைச்சதை எழுத எனக்குச் சுருக்கெழுத்து சொல்லித்தரல. மந்திரி கையெழுத்துப் போட்டு லெட்டர் குடுங்க, செயலாளர்கிட்ட வைக்கிறேன்.”

“ஒரு வார்த்தைக்கு எதுக்கு சார் லெட்டர்? உங்க பேரு பிரமோஷன் லிஸ்ட்ல இருக்கு போல. பாத்துக்குங்க.”

வீரம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓய்வுபெற இரண்டு ஆண்டுதான் இருந்தது. என் மனைவி ஜூலியாவிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ, அன்றைக்கு நான் கேட்கவில்லை. வெங்கி போன பிறகு அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லுக்கு இடம்கூட இருந்தது. சேர்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் காலையில் அந்தப் பெண்மணி எழுந்து நின்றதை என் கையால்தான் எழுதியிருந்தேன். அதே கையால் இதையும் எழுத எனக்கு வரவில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

என்ன ஆயிற்று? கேளுங்கள். பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. என் பெயர் அதில் இல்லை. மிச்சமிருந்த இரண்டு ஆண்டும் பழைய சபைக் குறிப்புத் தொகுதிகளுக்குப் பட்டியல் போடும் அறையில் கழிந்தது. கொறடா உத்தரவை மீறினார் என்று கோவிந்தப்பா சபாநாயகரிடம் முறைப்படி மனுக் கொடுத்தார். லட்சுமம்மாவின் பதவி ஆறு வாரத்தில் பறிபோனது. இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்றார். மூன்றாவது இடம். ஏரிக்கரையிலேயே பாதிப் பேர் அவருக்குப் போடவில்லை. “ஜெயிக்காதவங்களுக்குப் போட்டு என்ன பிரயோஜனம்?” என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

பிறகு ஒருநாள் காலையில் ஏரிக்கரைக்கு ஜேசிபி வந்தது. லட்சுமம்மா, அச்சான சபைக் குறிப்பின் அந்த ஒற்றைப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் அதன் முன்னால் நின்றார். அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்கச் சட்டமன்றத்தில் ஒரு குழு உண்டு. உறுதிமொழிக் குழு என்று பெயர். அதே பக்கத்தை அந்தக் குழுவின் முன்னும் வைத்தார். ‘முதலில் வீடு’ என்று இருந்தது. ‘முடிந்தால்’ என்று இல்லை. ஜேசிபி திரும்பிப் போனது. பதினான்கு மாதம் கழித்து நூற்று இருபத்திரண்டு குடும்பங்களுக்கு வீட்டுச் சாவி கிடைத்தது. பதினோரு கிலோமீட்டர் தள்ளித்தான். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். ஆனாலும் வீடு. அதன் பிறகு சாலையும் வந்தது. இன்று அதில் உங்களில் சிலர் பைக் ஓட்டுகிறீர்கள்.

மீதம் பதினெட்டுக் குடும்பங்கள். காகிதம் சரியில்லை என்று அவர்களுக்கு வீடு தரவில்லை.

போன வாரம் லட்சுமம்மா என் வீட்டுக்கு வந்தார். நான் கேட்டேன்: “அன்னிக்கு அந்தப் பக்கம் போயிருந்தா நீங்களே மந்திரி. நூத்து நாப்பது வீடும் வந்திருக்கும் இல்லையா?”

“வந்திருக்கலாம் சார். நானும் யோசிச்சிருக்கேன். அந்தப் பதினெட்டு வீட்டுக்காரங்களும் அதைத்தான் என்கிட்ட சொல்றாங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல.”

தேநீரைக் குடித்துவிட்டுத்தான் வந்த காரியத்தைச் சொன்னார். “வர்ற வியாழக்கிழமை குழு மறுபடி கூடுது. மந்திரி ‘எல்லாருக்கும்’னு சொல்லலையாம், அதிகாரிங்க வாதம் பண்றாங்க. சபைக் குறிப்புப் புத்தகத்தைப் பத்துத் தடவை நீட்டிட்டேன். எழுதினவரே வந்து, கேள்வி எதைப் பத்தி, பதில் யாருக்குன்னு சொன்னா கேப்பாங்களோ என்னமோ.”

நான் மறுத்தேன். எழுதியவன் வெளியே வந்து பேசுவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே இருந்து ஜூலியா, “முப்பத்தோரு வருஷம் மத்தவங்க பேசினதையே எழுதினீங்க. ஒரு நாள் பேசிட்டுத்தான் வாங்களேன்” என்றாள்.

பெரியோர்களே, தலைப்புக்கு வருகிறேன். தாண்டுவார்களா? சிலர் தாண்டுவார்கள். தங்குவார்களா? சிலர் தங்குவார்கள். தாண்டியவரெல்லாம் துரோகியுமல்ல, தங்கியவரெல்லாம் தியாகியுமல்ல. ஒருவர் எதைக் கேட்டு எழுந்தார், யாருக்காகக் கேட்டார், கேட்டது கிடைக்காதபோது என்ன இழந்தார், இந்த மூன்றையும் விசாரியுங்கள். விடுதி வாசலில் விடை இருக்காது. சபைக் குறிப்பில் இருக்கும். அது அச்சாகிறது, நூலகத்தில் கிடைக்கிறது, எவரும் கேட்பதில்லை. உங்கள் உறுப்பினர் உங்கள் பெயரால் என்ன பேசினார் என்று இந்த அரங்கில் எத்தனை பேர் இதுவரை படித்துப் பார்த்திருக்கிறீர்கள்? கைகள் உயரவில்லை. குறையாகச் சொல்லவில்லை, குறித்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குக் குழு கூடுகிறது. நான் போகிறேன். என் வாழ்நாளில் முதன்முறையாக அந்தக் கட்டடத்தில் நான் பேச, வேறொருவர் எழுதப் போகிறார். நான் சொன்னதை அவர் சொன்னபடியே எழுத வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கும், நேரம் மீறியும் மணியை அடிக்காத தலைவர் அம்மையாருக்கும், இருக்கை போட்ட கைகளுக்கும் என் நன்றி. பீன்யா நண்பர்களுக்கு ஆறே முக்காலுக்கு பஸ். பத்திரமாகப் போய்ச் சேருங்கள். வணக்கம்.