அந்தரத்தில் ஒரு பிரேக்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, சார். சைக்கிளிலேயே ஊரிலுள்ள சாக்கடைகள் எல்லாவற்றையும் அளந்துவிட்டவன். ஆனால் துடைக்கச் சொன்னால், மாப்பிள்ளையின் பந்தய பைக்கில் முகம் பார்த்து நீங்கள் சவரம் செய்துகொள்ளலாம். ஓய்வுபெற்ற பம்பு மெக்கானிக்குக்கு வேறென்ன வேலை.

மண்மேட்டில் ஏறிப் பறக்கிறவனுக்குப் பிரேக் எதற்கு என்று கேட்டீர்கள். நியாயம்தான். அந்தரத்தில் வண்டி மூக்கைத் தூக்கினால் பின்பிரேக்கை மிதிக்க வேண்டும். சுழலும் சக்கரம் நின்று மூக்கு தாழும். மூக்கு கவிழ்ந்தால் ஆக்ஸிலேட்டரை முறுக்க வேண்டும், எழும்பிவிடும். மாப்பிள்ளை இதைச் சாப்பாட்டு மேசையில் கரண்டியைப் பறக்கவிட்டுக் காட்டுவார். என் மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் பயந்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. பந்தய நாளில் போன் மணியடித்தால் அவள் நடுங்கும் நடுக்கத்தில் அலமாரிப் பாத்திரமெல்லாம் ஆடும்.

"நீங்களாவது அவர்கிட்ட சொல்லுங்கப்பா."

சொன்னேன். சிரித்தார். அடுத்த மாதம் இருவரும் தனி வீடு போவதாக இருந்தார்கள். அது வேறு விஷயம்.

அன்று காலை பின்பிரேக் கம்பியின் நட்டைத் தளர்த்தினேன். பெடல் காலுக்குத் தட்டுப்படும். சக்கரத்துக்குச் சேதி போகாது. தொடக்கக் கோட்டிலிருந்து முதல் மேடு வரை நேர்பாதை. அங்கே யாரும் பிரேக் பிடிப்பதில்லை.

"மாமா, பிரேக் பாத்தாச்சா?"

"நான் பாத்தா வண்டி பயந்தே நிக்கும் மாப்ள. ஏறுங்க."

"நீங்க இருக்கறப்ப எனக்கென்ன கவலை."

சும்மா பயம் காட்டத்தான் நினைத்தேன். அந்த முதல் மேடுதான் எல்லாவற்றிலும் உயரம் என்பதும் எனக்குத் தெரியும்.

மூக்கு எழுந்தது. அவர் கால் மிதித்தது. இன்னொரு முறை மிதித்தது. வண்டி செங்குத்தாகி, பின்னால் சாய்ந்து, அவரைக் கீழே போட்டு மேலே விழும்வரை அந்தக் கால் மிதித்துக்கொண்டேதான் இருந்தது. நான் கண்ணை மூடவில்லை. யாராவது ஒருவர் அவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமா.

ஆமாம், கொன்றது நான்தான். என் மகளுக்கு இனி நிம்மதி. ஆனால் என் காலடி கேட்டாலே அறைக்கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள். உங்களைக் கூப்பிட்டதும் அவள்தான் என்கிறீர்கள். பயப்பட இனி அந்த வீட்டில் என்ன இருக்கிறது, சார்? நீங்களாவது அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள்.