வாய் திறவாத பேச்சுக்கு வழக்கு

அவைத்தலைவர் எலியேசர் ஐயர் அவர்களே! மேடையிலுள்ள பெரியோர்களே! முக்கூடலிலிருந்து வண்டி கட்டி வந்திருக்கும் தாய்மார்களே!

வக்கீல் அம்பலவாணர் மறைந்தார். அவரோடு ஒரே நீதிமன்றத்தில் வாதாடிய பாக்கியசீலன் பேசுகிறேன்.

கலகத்துக்குப் பின் ஊர்மேல் வீட்டுக்கு வீடு தண்டவரி விழுந்ததே, அப்போது எதிர்த்துப் பேசியவர் யார்? அம்பலவாணர்! "அரசின் செயலைக் கண்டிக்கலாம், அரசின்மேல் வெறுப்பை மூட்டக் கூடாது என்கிறது சட்டம். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே?" என்று கேட்டார். பதிலாகத் தடை வந்தது: ஓராண்டு பொதுக்கூட்டத்தில் பேசக் கூடாது.

அவர் தடையை மீறினாரா? இல்லை! முக்கூடல் ஆற்றுமணலில் மேடையேறி, வாய்மூடி நின்றார். காற்று நின்றது. ஒரு குழந்தைகூட அழவில்லை. பொழுது சாய்ந்தபோது கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டது. நானும் விட்டேன், ஏன் என்று இன்றும் தெரியாது.

மறுநாள் கைது. பேசினார் என்று வழக்கு! முதல் போலீஸ்காரர் கூண்டிலேறி, "'செத்தவன் வீட்டுக்கும் வரியா?' என்று கேட்டார்" என்றார். அடுத்தவரும் எழுத்துப் பிசகாமல் அதையே சொன்னார். சொல்லிக்கொடுத்த சாட்சி என்று நான் சீறினேன். நம் தரப்புச் சாட்சியாக, அன்று மணலில் உட்கார்ந்திருந்த அலிமா பீவியை அழைத்தேன்.

"அவுக வாயே தெறக்கல, தொரை," என்றார் அந்த அம்மாள். "ஆனா எனக்கும் அதுதான் கேட்டுது."



"இல்லைன்னு மட்டும் சொல்லுங்க, அண்ணாச்சி. விட்டுருவாங்க," என்று அம்பலவாணர் காதில் கெஞ்சினேன். பேசினீரா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அம்பலவாணர் சொன்னார்: "நான் பேசவில்லை. ஆனால் நினைத்தது அதைத்தான்."

நினைப்பதைத் தண்டிக்க எந்தச் சட்டம் உண்டு? தண்டித்தார்களே!

சிறையில் காய்ச்சல் கண்டது. கடைசி நாட்களில் அவர் நா எழவில்லை என்றார் வார்டர். பக்கத்து அறைக் கைதிகளோ, "அந்த வக்கீலைக் கொஞ்சம் பைய பேசச் சொல்லுங்க" என்று முறையிட்டார்களாம். அடக்கம் முடிந்த மறுநாளும் முறையிட்டார்களாம்!

சபையோரே, நாளைக் காலை அதே கூண்டில் நெசவாளர் நூகு நிற்கிறார். தறியில் உட்கார்ந்து தனக்குள் முணுமுணுத்தாராம். என்ன முணுமுணுத்தார்? அவருக்கே நினைவில்லை. கேட்டதாகச் சொல்ல மட்டும் ஆள் இருக்கிறது! அம்பலவாணர் எடுத்த வழக்கு அது. இனி என்னுடையது. எனக்குப் பயமாக இருக்கிறது; மறைக்கவில்லை. ஆனாலும் எழுந்து, வாய்திறந்து, உரக்கப் பேசுவேன். வந்து கேளுங்கள்!